கடைசி நாள் இன்னா நடந்துச்சு?

போளூரிலிருந்து மலைக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் அது. பிரித்துப் படித்ததும் எனக்கு வந்தது கோபம்தான். எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன விடுதிப் பள்ளியில் நான் டீச்சராகவும் வார்டனாகவும் இருந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம். ஓடு போட்ட ஒரு கூடம், இரண்டு அறைகள், பின்னால் சமையல் கொட்டகை. அந்த இடத்தை என் சொந்த வீட்டைவிட அதிகமாக நான் நேசித்தேன், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளியை நடத்திய நிறுவனம் எழுதியிருந்தது இவ்வளவுதான். இரண்டு வருஷமாகப் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோய் விடுதி பாதி காலியாகக் கிடக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது அவர்கள் திரும்பி வராவிட்டால் விடுதியைப் போளூருக்கு இறக்கிவிடுவோம். ஏன் நின்றார்கள் என்று விசாரித்து அறிக்கை அனுப்பவும். விசாரிக்கும்போது ஊர் இளைஞர்களை வேலையாட்களாக வைத்துக்கொள்ளாமல் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்ளவும்.

பங்காளி. கண்ணமங்கலத்தில் எங்கள் தெருவில் அந்த வார்த்தையைச் சொன்னால் வரப்பை வெட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு அலைகிற ஆள்தான் ஞாபகத்துக்கு வருவான். கீழே மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பொழுது போகவில்லை, புதிதாக ஒன்றைப் படித்துவிட்டு நம் தலையில் கட்டுகிறார்கள் என்று சமையல்கார அம்மாளிடம் பொருமித் தீர்த்தேன். பிள்ளைகள் ஏன் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியாதா? பெற்றவர்களுக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை, அதுதான் காரணம். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இருந்தாலும் ஜூனை நினைத்தால் பயமாக இருந்தது. விடுதி போளூருக்குப் போனால் இந்த மலைப் பிள்ளைகளில் ஒருவர்கூட அங்கே போய்த் தங்கமாட்டார்கள். அதனால் சொன்னபடி நான்கு பேரைக் கூப்பிட்டேன். நான்கு பேரும் என்னிடம் கொஞ்ச காலம் படித்தவர்கள் என்று பழைய பதிவேடு சொன்னது. ஒருவன் மட்டும் கீழே போய் ஒன்பதாவது வரை படித்துவிட்டுத் திரும்பியவன், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இன்னொருவன் தேனெடுப்பவன், எந்தப் பாதை எந்த ஊருக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு பெண்களில் ஒருத்தி அப்போதுதான் கல்யாணமாகி வந்தவள், அதிகம் பேசமாட்டாள். மற்றவளுக்குப் பதினேழு வயது இருக்கும். மெலிந்த உடம்பு, யாரையும் நேராகப் பார்த்துப் பேசுகிற கண். இந்தக் கதையில் அவள்தான் முக்கியம்.

நான் ஒரு ஃபாரம் தயார் செய்து சைக்ளோஸ்டைல் எடுத்து வைத்திருந்தேன். மாடு மேய்க்க, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள, உடம்பு சரியில்லை, வறுமை, மற்றவை. காரணத்துக்கு எதிரே ஒரு டிக் போட்டால் போதும். பங்காளிகள் என் ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் நிரம்பி வந்துவிட்டது. முக்கால்வாசித் தாளில் மாடு மேய்க்க என்பதற்கு எதிரே டிக். நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

அந்தப் பெண் தாள்களை எடுத்து இரண்டு அடுக்காகப் பிரித்து என் மேசைமேல் வைத்தாள்.

"இந்த அடுக்குல இருக்கற வூட்ல எல்லாம் மாடே கெடையாதுங்க டீச்சர்."

"மாடு இல்லாத வீட்டில் மாடு மேய்க்க என்று ஏன் டிக் போட்டீர்கள்?"

"அவங்க சொன்னாங்க, போட்டோம். சொன்னத அப்டியே எழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அவர்கள் ஏன் பொய் சொல்ல வேண்டும்?"

"பொய்யின்னு இல்லீங்க. ஃபாரத்த எடுத்துட்டுப் போனா ஃபாரம் கேக்கறதத்தான் சொல்வாங்க. சீக்கிரம் ஆளு போய்ட்டா போதும்னு இருக்கும்."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஒரு வார உழைப்பு வீண் என்று என்னிடம் படித்த பெண், அதுவும் ஐந்தாவதுகூட முடிக்காத பெண், என் மேசைக்கு முன்னால் நின்று சொல்கிறாள். அப்படியானால் நீயே கேட்டுக்கொண்டு வா பார்க்கலாம் என்று எரிச்சலில் சொல்லிவிட்டேன். அவள் அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை. சரிங்க என்றாள். நான்கு பேரும் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்து எனக்குச் சில சட்டங்கள் போட்டார்கள்.

அது புளி உடைக்கிற காலம். வீட்டுக்கு வீடு பெண்கள் கும்பலாக உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டிருப்பார்கள். இவர்களும் போய் உட்கார்ந்து புளி உடைப்பார்களாம். கையில் தாளோ பேனாவோ இருக்காதாம். பிள்ளையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கவே மாட்டார்களாம், ஏன் என்று கேட்டால் குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்குமாம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்த கடைசி நாள் இன்னா நடந்துச்சு என்று மட்டும் கேட்பார்களாம். வீட்டுக்கு வந்து கேட்டதை எழுதி, மறுநாள் அதே வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டுவார்களாம். சொன்னவர்கள் சரி என்று சொன்னால்தான் தாள் என் கைக்கு வரும். கடைசிச் சட்டம், நான் கூட வரக்கூடாது.

கடைசிச் சட்டத்தை நான் மூன்றாம் நாளே மீறினேன். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? ஒரு ஊரில் எட்டு பத்துப் பெண்கள் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள், பேச்சும் சிரிப்புமாக இருந்தது. நான் போனதும் ஒருத்தி எழுந்து போய்ப் புதுப்பாய் கொண்டுவந்து விரித்தாள். இன்னொருத்தி பலாச்சுளை கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு புளி உடைபடும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. நான் சுளைகளைத் தின்று முடித்துவிட்டுத் திரும்பினேன். சாயங்காலம் அந்தப் பெண் வந்து, "உங்களுக்குப் பாய் போடற வரைக்கும் உங்க முன்னாடி பேசமாட்டாங்கங்க, இனிமே வராதீங்க" என்றாள். பத்து வருஷத்தில் என்னை அந்த மலையில் யாரும் கண்டித்ததில்லை. தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு தாள்கள் வரவே இல்லை. கேட்டால் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். கையெழுத்துக்காரப் பையன் என்னைக் கண்டால் வேறு பாதையில் திரும்பினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் நான்கு பேரும் சேர்ந்து வந்தார்கள். உட்காரச் சொன்னேன், ஒருவரும் உட்காரவில்லை. அவன் ஒரு கட்டுத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றான்.

படித்தேன். வேறு வேறு ஊர், வேறு வேறு வாய், சொன்னது மட்டும் ஒன்றுதான். ஆடிக்குப் பிள்ளை ஊருக்கு வந்தது, தலையில் முடி இல்லை, டீச்சரம்மா வெட்டிவிட்டார்கள், அதனால் திருப்பி அனுப்பவில்லை.

ஒவ்வொரு ஜூனிலும் நான் செய்கிற வேலை அது. பள்ளி திறந்த முதல் வாரம் பேனும் ஈருமாக வரும் தலைகளை வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்து ஒட்ட வெட்டிவிடுவேன். வெட்டிய முடியைக் கூட்டி அள்ளிச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் குழியில் போட்டு எரித்துவிடுவேன். என் விடுதியில் ஒரு பேன் கிடையாது என்று போகிற வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஊர்களில் சில குலத்தாருக்குப் பிள்ளையின் முதல் முடி குலசாமிக்கு உரியது. சாமிக்குத் திருவிழா எடுத்து, அந்தக் குலத்துப் பங்காளிகள் எல்லாரும் கூடி, அங்கேதான் முதல் மொட்டை. அதுவரை கத்தி படக்கூடாது. மூன்று வருஷமாகச் சாமை சரியாக விளையாததால் திருவிழா தள்ளிப்போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஆறு வயசு, ஏழு வயசுப் பிள்ளைகள் பிறந்த முடியோடு என் வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அதைப் பராமரிப்பு இல்லாத தலை என்று நினைத்தேன். நேர்த்திக்கடன் முடிந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் தங்கினார்கள். முடியாத பிள்ளைகள் நின்றுபோனார்கள். என் கண் முன்னால் நடந்தது, எனக்குத் தெரியவில்லை.

வெட்கத்தில் எனக்கு முதலில் வருவது கோபம். "ஒருவர்கூட என்னிடம் வந்து சொல்லக்கூடாதா?" என்று அவர்கள் நான்கு பேரையும் பார்த்துச் சத்தம் போட்டேன்.

புதுப்பெண்தான் பதில் சொன்னாள், அவள் பேசி அன்றுதான் கேட்டேன். "வெளிய சொன்னா சாமி குத்தம் ஆய்டுச்சுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும்ங்க. அதுவும் இல்லாம, உங்க மனசு நோவும்னு சொன்னாங்க. உங்கள யாரும் கெட்டவங்கன்னு சொல்லல."

என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பையன் மெதுவாக, அறிக்கை எழுத வேண்டும், எப்படி எழுதட்டும் என்று கேட்டான். "டீச்சர் என்று வேண்டாம், விடுதி நிர்வாகம் என்று போடு" என்றேன். எவ்வளவு நியாயமான குரலில் சொன்னேன் என்பது இப்போதும் காதில் கேட்கிறது.

அந்தப் பெண் தாளைப் பார்த்தபடியே சொன்னாள். "டீச்சரம்மா வெட்டிட்டாங்கன்னுதான் அவங்க சொன்னாங்க. நாங்க திருப்பிப் படிச்சுக் காட்டி, சரின்னு சொல்லியிருக்காங்க. மாத்துனா மறுபடியும் ஒவ்வொரு வூட்டுக்கும் போய்ப் படிச்சுக் காட்டணுங்க. நிர்வாகம்னா இன்னான்னு கேப்பாங்க. நாங்க இன்னா சொல்றது?"

நான் எழுந்து வெளியே போனேன். தொட்டியில் முகம் கழுவினேன். திரும்பி வந்து, இருக்கிறபடியே எழுது என்றேன். வேலை போய்விடும் என்று அப்போது முழுசாக நம்பினேன். அதைவிட, கண்ணமங்கலத்தில் அப்பாவிடம் என்ன சொல்வது என்று பயந்தேன்.

அறிக்கையைப் பள்ளிக்கூட முற்றத்தில் ஊர் கூடி உட்கார்ந்திருக்கும்போது பையன் வாசித்தான். நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். டீச்சரம்மா, டீச்சரம்மா என்று ஒவ்வொரு தாளிலும் வந்தது. வாசித்து முடித்ததும் ஒரு தாய் என் பக்கம் திரும்பினாள்.

"அந்த முடிய இன்னா பண்ணீங்கம்மா?"

எங்கேயாவது பத்திரமாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. "எரித்துவிட்டேன்" என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அடுத்துப் பேசியது என் பங்காளிகள்தான். அவர்கள் குறை கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை, அடுத்து என்ன செய்வது என்பதையும் புளிக்கு நடுவிலேயே பெண்களிடம் கேட்டு வைத்திருந்தார்கள். இனி நேர்த்திக்கடன் பாக்கி உள்ள பிள்ளைக்குக் கையில் மஞ்சள் கயிறு கட்டி அனுப்புவது. அந்தத் தலையில் கத்தி படாது, பேன்சீப்பும் வேப்பெண்ணெயும் மட்டும். குலசாமி திருவிழாவுக்கு விடுதியில் மூன்று நாள் லீவு. இந்த வருஷம் எப்படியாவது திருவிழாவை எடுத்து, வெட்டுப்பட்ட பிள்ளைகளின் புது முடியைக் கொடுப்பது. வெட்டிய கை அப்போது தட்டேந்தி அந்த முடியை வாங்குவது. ஊர்க்கவுண்டர், "பசங்க சொல்றது செரிதான்" என்றார்.

வெட்டிய கை என்னுடையது. எங்கள் அப்பா சர்ச்சில் சபை மூப்பர். வேறொரு சாமி முன்னால் தட்டேந்தி நிற்பதைப் பற்றி நான் என்ன போதிக்கப்பட்டு வளர்ந்தேன் என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் தூக்கமில்லை. ஜெபம் பண்ணிப் பார்த்தேன், தெளிவாக ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பெண் எப்படியோ தெரிந்துகொண்டு வந்து, "நீங்க கும்புட வாணாங்க டீச்சர், தட்டு மட்டும் புடிங்க. முடி கீழ வுழாம இருந்தா போதும்" என்றாள்.

போனேன். தட்டைப் பிடித்தேன். மழிக்க மழிக்க ஈர முடி தட்டில் விழுந்தது. முடிக்கு அவ்வளவு கனம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. என் ஆண்டவரிடம் எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றேன், எதற்கு என்று அவருக்கும் எனக்கும் தெரியும். அன்று முற்றத்தில் வாயைப் பொத்திக்கொண்ட அந்தத் தாய், மொட்டை போட்ட மகளைக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசி என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஜூனில் பிள்ளைகள் வந்தார்கள். எல்லாரும் வரவில்லை, ஆனால் விடுதி அங்கேயே இருக்கும் அளவுக்கு வந்தார்கள். சில கைகளில் மஞ்சள் கயிறு இருந்தது. நிறுவனம் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. கத்தரிக்கோலைச் சமையல் கொட்டகையில் பயன்படட்டும் என்று சமையல்கார அம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

பள்ளி திறந்து சில நாள் கழித்து, வீடு வீடாக எழுதிய மூலத் தாள்களையும் அனுப்பச் சொல்லிக் கீழேயிருந்து கேட்டார்கள். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை முதலிலிருந்து படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். எல்லாம் பையனின் அச்சுக் கையெழுத்து. கட்டின் அடியில், அன்று நான் பார்க்காத ஒரே ஒரு தாள் மட்டும் கோணல் மாணலாக, கூட்டெழுத்துக்குத் தடுமாறி எழுதியிருந்தது. கேட்டவர் என்ற இடத்தில் அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் பெயர். சொன்னவர் என்ற இடத்திலும் அதே பெயர். அவள் தன்னையே கேட்டு எழுதியிருந்தாள்.

"நான் மூணாவதுலதான் விடுதிக்கு வந்தேன், அப்ப எங்க சாமிக்குத் திருவிழா எடுக்கல. கடைசி நாள் டீச்சர் என்னை முட்டிக்கு நடுவுல உக்கார வச்சு முடி வெட்டுனாங்க. அழாம இருக்க வெல்லம் குடுத்தாங்க. அம்மா ரெண்டு நாள் சோறு திங்கல. அப்பறம் வளந்த முடிய சாமிக்குக் குடுத்துட்டோம். சாமி ஒண்ணும் சொல்லல. ஆனா அம்மா பள்ளிக்கூடம் அனுப்பல. இத நான் டீச்சர்கிட்ட முதல் நாளே சொல்லியிருக்கலாம். நான் மட்டும் சொன்னா என் கோவம்னு நெனைப்பாங்க. எல்லாரும் சொன்னாத்தான் கேப்பாங்கன்னு இருந்தேன்."

கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது.

"ரெண்டு வருசம் கழிச்சு டீச்சர் எங்க ஊர் ஊத்துக்குத் தண்ணி குடிக்க வந்தாங்க. நல்லாருக்கியான்னு கேட்டாங்க. பள்ளிக்கூடம் வர்றியான்னு கேக்கல."

ஊற்று எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தச் சிறுமி ஞாபகம் இல்லை. எத்தனையோ தலைகளில் அதுவும் ஒன்று. தாளை வைத்துக்கொண்டு அழுதேன். இவ்வளவு வருஷம் கழித்து என்னிடம் வேலை செய்ய வந்து, என் ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து, என் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, தன் தாளை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருக்கிறாள். அவளுக்கு நான் பட்ட நன்றிக்கடனுக்கு இன்றுவரை ஈடு தெரியவில்லை.

மறுநாள் காலையில் வகுப்பைச் சமையல்கார அம்மாளிடம் விட்டுவிட்டு அவள் ஊருக்கு நடந்தேன். மழை பெய்து நிலம் ஈரமாக இருந்தது. அவள் அம்மாவோடு சாமை விதைக்கும் நிலத்தில் களைக்கொட்டால் மண்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து இருவரும் நிமிர்ந்தார்கள். அம்மா பாய் எடுக்க வீட்டுப் பக்கம் திரும்பினாள், வேண்டாம் என்றேன். எட்டாவதைத் தனியாக எழுதலாம், சாயங்காலம் சாயங்காலம் நான் சொல்லித்தருகிறேன் என்றெல்லாம் வழி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். நேரில் அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"பள்ளிக்கூடம் வர்றியா?" என்று கேட்டேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை அசைத்தாள். அவள் களைக்கொட்டைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

"எப்போலேருந்துங்க?" என்றாள்.